பேருந்தில் பூண்டு வாசனை

ஐரோப்பியப் போர்க்களச் சுற்றுலாவுக்கு நான் எழுதிவைத்த பதினேழு குறிப்புகள் இந்நேரம் உங்கள் கைக்கு வந்திருக்கும். வழிகாட்டிகளாகப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதை நகலெடுத்துக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் ஒன்பதாவது குறிப்பு அரைகுறையானது. எழுதியவள் நான் என்பதால் அதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

முப்பத்து மூன்று வயதுக்காரி ‘என் காலத்தில்’ என்று ஆரம்பித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆறு வருடம் இந்த வேலையில் இருந்துவிட்டு விலகியிருக்கிறேன், திரும்பி வருவதாக இல்லை. அதனால் என்னை ஓய்வு பெற்றவளாகவே வைத்துக்கொள்ளுங்கள். துபாய் அலுவலகத்தில் உட்கார்ந்து விசா விண்ணப்பம் நிரப்புவதும், விடுதி அறைகளைப் பிரிப்பதும், சைவச் சாப்பாட்டுக்கு ஆள் தேடுவதும் ஒரு மாதத்தில் உங்களுக்குப் பழகிவிடும். அதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இதற்கு வருமுன் நான் புஜைராவில் எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் பாதுகாப்புப் பொறியாளராக மூன்று வருடம் இருந்தேன். வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் என் பொறுப்பு. அங்கே முதல் வாரத்திலேயே எல்லோர் மண்டையிலும் ஏற்றிவிடும் பாடம் ஒன்று உண்டு: மூக்கை நம்பாதே. ஒரு வாசனையை மூக்கு சற்று நேரத்தில் பழகிக்கொள்ளும். பழகிய பிறகு வாசனை போய்விட்டதாக நினைத்துக்கொள்வோம். வாயு அங்கேயேதான் இருக்கும். இதை நான் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெரியாமல் நடந்த தவறு என்று நீங்கள் என்னை மன்னித்துவிடக் கூடாது.

அந்த முறை பெருநாள் விடுமுறையில் இருபத்தொன்பது பேரைக் கூட்டிப்போனேன். வழக்கமான கூட்டம்தான். அபுதாபி வங்கி அதிகாரி குடும்பம், தோஹாவிலிருந்து ஆசிரியர்கள், பள்ளியில் உலகப் போர் பாடம் படித்துவிட்டு எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே கேட்கும் பிள்ளைகள். எல்லோர் பெட்டியிலும் இட்லிப் பொடி, ஊறுகாய், முறுக்கு. நான் எத்தனை முறை சொன்னாலும் நம் ஆட்கள் ஐரோப்பாவுக்கு வெறும் பெட்டியோடு வர மாட்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் சேராத ஒருவரும் வந்திருந்தார். முனியசாமி. சோஹார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். முதுகுளத்தூர்ப் பக்கம். நாற்பது வயதிருக்கும். தனியாக வந்திருந்தார். மற்றவர்கள் அவரை ஒதுக்கினார்கள் என்று சொல்ல முடியாது. வணக்கம் சொல்வார்கள், லிஃப்டில் இடம் விடுவார்கள். ஆனால் சாப்பாட்டு மேசையில் அவர் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருந்தது. மூன்று நாளில் நான் அவரிடம் பேசியதை எண்ணிப் பார்த்தேன். பாஸ்போர்ட் இருக்கிறதா, குளிருக்கு உடை இருக்கிறதா, அறைச் சாவி கிடைத்ததா. மூன்று கேள்வி. ஏன் வந்தீர்கள் என்று கேட்கவே இல்லை. இரண்டு வருட லீவு சம்பளத்தைச் சேர்த்து ஒரு கிரேன் ஓட்டுநர் பாரிஸ் கோபுரத்தை விட்டுவிட்டுச் சண்டை நடந்த வயல்காட்டைப் பார்க்க வருகிறார். கேட்டிருக்க வேண்டாமா?

நான்காம் நாள், இரவு விமானம் ஏற வேண்டிய கடைசி நாள், பெல்ஜியத்தில் ஈப்ர் நகரத்தைச் சுற்றியுள்ள வயல்வெளி. முந்தைய மாலை, இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த பெரிய வாயிலைப் பார்த்திருந்தோம். எல்லோரும் படம் எடுத்து முடித்துப் பேருந்துக்குத் திரும்பிய பிறகும் முனியசாமி மட்டும் கழுத்தை அண்ணாந்தபடி சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார். ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பவர் அவர். நான் கைக்கடிகாரத்தைக் காட்டிக் கூப்பிட்டேன். வந்துவிட்டார்.

காலை பத்து மணிக்கு வயல்வரப்பில் இறங்கியபோது ஒன்பதாவது குறிப்பை உரக்கப் படித்தேன். ‘நிலத்தில் கிடக்கும் இரும்பு எதையும் தொடக் கூடாது.’ நூறு வருடம் கழிந்தும் ஏர் ஓட்டும்போது வெடிக்காத குண்டுகள் மேலே வருகின்றன. விவசாயிகள் அவற்றை எடுத்துச் சாலையோரத்தில் மின்கம்பத்தடியில் வைத்துவிடுவார்கள். ராணுவ வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். அன்றும் ஒரு கம்பத்தடியில் துருப்பிடித்த குண்டுகள் மூன்று, சுரைக்காய் மாதிரிக் கிடந்தன. பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்திக் காட்டினேன். பிறகு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். தலையை எண்ணினேன், இருபத்தெட்டு. ஒருவர் குறைகிறாரே என்று திரும்புவதற்குள் முனியசாமி வேகமாக நடந்து வந்து சேர்ந்துகொண்டார். நெற்றியில் லேசாக ஏதோ தீற்றியிருந்தது. சாமி கும்பிட்டுவிட்டு வருகிறார் என்று நினைத்தேன். எண்ணிக்கை சரியாகிவிட்டது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று குளிர் அதிகம். ஓட்டுநர் பேருந்தில் வெப்பக் காற்றைக் கூட்டி வைத்திருந்தார். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கொடுத்தேன், எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும். கொடுத்துக்கொண்டே பின்வரிசைக்குப் போனபோது பூண்டு வாசனை வந்தது. நல்ல காரமான, கொஞ்சம் கடுகு கலந்த வாசனை. தோஹாவில் ஆசிரியையாக இருக்கும் கோமதி அக்காவை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். முதல் நாளிலிருந்து தன் பூண்டு ஊறுகாயைப் பேருந்து முழுக்கப் பங்கு வைத்தவர் அவர்தான்.

“ஏம்மா, என் மேல ஏன் பழியப் போடுதீங்க? ஊறுகாய் பாட்டில் கீழ டிக்கில பெட்டிக்குள்ள கெடக்கு. இன்னைக்கு மூடியே தொறக்கல” என்றார் அக்கா.

“மூடி திறக்காமலே இந்த வாசனைன்னா, திறந்தா பெல்ஜியமே தாங்காது” என்று வங்கி அதிகாரி சொன்னார். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கவனியுங்கள். பாட்டில் இங்கே இல்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். நான் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். கூரையிலிருந்த காற்றுத் திறப்பைத் திறந்துவைத்துவிட்டு முன்னே வந்து உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் வாசனை போய்விட்டது. போய்விட்டது என்று என் குறிப்பேட்டில் எழுதக்கூடச் செய்தேன். பின்வரிசையில் கோமதி அக்கா இருமிக்கொண்டிருந்தார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

இரண்டரை மணிக்கு ஒரு சிறிய ஊரின் வாகன நிறுத்தத்தில் தேநீருக்காக நின்றோம். எல்லோரும் இறங்கினார்கள். மழைத் தூறல். நான் பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு, என் குடையை எடுக்க முதலாவதாகத் திரும்பி ஏறினேன். படியில் கால் வைத்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது.

போகவே இல்லை. இரண்டு மணி நேரமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. என் மூக்குதான் விட்டுவிட்டது.

அந்தப் படியில் நின்றபடி, புஜைரா பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்த அட்டவணை ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் வேலைக்குத் தேவைப்படாத நச்சுகளின் பட்டியல் அது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. கடுகு வாயு. முதல் உலகப் போரில் பயன்படுத்தப்பட்டது. பூண்டு அல்லது கடுகு போன்ற மணம். தோல், கண், நுரையீரல். பட்டவுடன் எதுவும் தெரியாது. பல மணி நேரம் கழித்தே கொப்புளம் எழும்.

பின்னால் யாரோ ஏற வந்தார்கள். நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

ஓட்டுநர் அந்த வட்டாரத்துக்காரர், அதிகம் பேசாதவர். பேருந்துக்குள் பூண்டு வாசனை வருகிறது, எங்கள் சாப்பாட்டில் பூண்டு இல்லை என்று மட்டும் அவரிடம் சொன்னேன். வாயில் வைத்திருந்த சிகரெட்டை எடுத்துக் கீழே போட்டார். காலை முதலே தனக்கும் அந்த வாசனை தெரிந்ததாகச் சொன்னார். பயணிகளின் உணவைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லையென்று சும்மா இருந்தாராம். அவருடைய ஊரில் பிள்ளைகளுக்கே இந்த வாசனையைச் சொல்லிக்கொடுத்துதான் வளர்ப்பார்கள். அவர் நாகரிகம் கருதி வாயைத் திறக்கவில்லை. நான் ஊறுகாய் என்று முடிவுகட்டிவிட்டேன். இப்படி இருவருமாக இருபத்தொன்பது பேரை அந்தக் காற்றில் உட்கார வைத்திருந்தோம்.

எல்லோரையும் காற்று வரும் திசையில், பேருந்திலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கச் சொன்னேன். பேருந்தில் ஒரு கசிவு என்றேன். வயலிலிருந்து யாராவது எதையாவது எடுத்து வந்தீர்களா என்று கேட்டேன். கோபமாகப் பார்த்தார்கள். மழை வலுத்தது. வங்கி அதிகாரி, விமானத்துக்கு நேரமாகிறது, இந்த விசாரணையை விமான நிலையத்தில் வைத்துக்கொள்ளலாமே என்றார்.

வாயால் கேட்டுப் பயனில்லை என்று புரிந்தது. எல்லோரும் கையை நீட்டுங்கள் என்றேன். வருகைத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் உள்ளங்கையாகப் பார்த்தேன். இருபத்தெட்டு ஜோடிக் கைகள். முனியசாமி மட்டும் ஜாக்கெட் பைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

“குளிருது மேடம்” என்றார்.

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். நெற்றியில் இரு புருவத்துக்கும் நடுவில் ரூபாய்க்காசு அளவுக்குச் சிவந்திருந்தது. மத்தியானம் சாப்பாடு கொடுக்கும்போதும் பார்த்தேன். குங்குமம் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். மழையில் நனைந்தும் அந்தக் குங்குமம் கரையவில்லை. தோலே சிவந்திருந்தது.

“அண்ணா, கையைக் காட்டுங்க.”

எடுத்தார். வலது கையின் மூன்று விரல்களும் உள்ளங்கையும் வீங்கிப் பளபளத்தன.

“இரும்பத் தொடலை மேடம். நீங்க சொன்னீகள்ல, தொடவே இல்ல. சாமி சத்தியமா மண்ணுதான் எடுத்தேன்.”

உங்களில் சிலர் நகரத்தில் வளர்ந்தவர்கள், அதனால் சொல்கிறேன். தெற்கே ஒரு சாமியை வேறு ஊரில் குடியேற்ற வேண்டுமென்றால், அது முதலில் இருந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். அந்த மண்ணை வைத்துத்தான் புதுப் பீடம் எழும்பும். பிடிமண் என்பார்கள். முனியசாமியின் பூட்டன் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் கோவேறு கழுதைகளை நடத்திக்கொண்டு சீமைக்குப் போனவர். திரும்பவில்லை. எங்கே செத்தார் என்று யாருக்கும் தெரியாது. அகாலத்தில் போனவர் என்பதால் வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆனால் பீடத்தில் அவருடையது என்று எதுவுமே இல்லை. வாயிலில் பெயர் தேடினார், கிடைக்கவில்லை. பெயர் இல்லாவிட்டால் மண்ணாவது என்று நினைத்திருக்கிறார். எந்த மண் என்று யோசித்தவருக்கு, குண்டு கிடக்கும் இடத்தில்தானே ஆள் செத்திருப்பான் என்று பட்டிருக்கிறது. கம்பத்தடிக்குப் போய், இரும்பை விரல் நுனியால்கூடத் தொடாமல், அதற்கு அடியில் ஈரமாக இருந்த மண்ணை ஒரு பிடி அள்ளி மஞ்சள் துணியில் முடிந்திருக்கிறார். ஈரம் என்று அவர் நினைத்தது குண்டிலிருந்து ஒழுகியது. ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். முடிச்சு பின்வரிசையில் அவருடைய இருக்கைக்கு அடியில், வெப்பக் காற்று வரும் துளைக்குப் பக்கத்தில் இருந்தது.

நான் சொன்னதை அவர் எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார். ஒன்பதாவது குறிப்பில் மண் என்ற சொல் இல்லை.

இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோமதி அக்கா, “அய்யோ, நெத்தியெல்லாம் இப்படிச் செவந்து கெடக்கே” என்று தன் துப்பட்டா முனையால் துடைக்கப் போனார். நான் அவரைத் தோளைப் பிடித்துத் தள்ளினேன். ஒரு பயணியைத் தள்ளுவதை இந்த வேலையில் அன்றுதான் செய்தேன். “யாரும் அவரைத் தொடக் கூடாது. அண்ணா, நீங்க கண்ணைத் தொடாதீங்க. எரிஞ்சாலும் தொடாதீங்க” என்று கத்தினேன். அதுவரை கோபமாக இருந்தவர்கள் அப்போதுதான் பயந்தார்கள். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. முனியசாமி நடுவில் தனியாக நின்றார்.

“கண்ணு கொஞ்சம் மணல் விழுந்தாப்ல உறுத்துது மேடம்” என்றார்.

கிரேன் ஓட்டுகிறவர். நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து, கீழே நிற்பவனின் கை சைகையைப் பார்த்துக் கொள்கலனை இறக்குகிறவர். வருடாவருடம் கண் பரிசோதனையில் தேறினால்தான் வேலை. ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள்.

அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். எங்கள் மேலாளர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் துபாயில் நாற்பது டிகிரி வெயிலில் ஏசி அறைக்குள் இருப்பவருக்கு அது ஒரு கவர் மண் மட்டுமே.

“இங்க பாரும்மா, ஒரு கவர் மண்ணு. டஸ்ட்பின்ல போட்டுட்டுக் கிளம்பு, கலாஸ், முடிஞ்சுது. அவருக்கு ஏர்போர்ட்ல டாக்டரைப் பாத்துக்கலாம். போலீஸ் வந்துச்சுன்னா முப்பது பேர் பாஸ்போர்ட்டும் மாட்டும். அடுத்த சீசனுக்கு நமக்கு விசா மாஃபி, ஒண்ணுகூடக் கிடைக்காது.”

முனியசாமியும் அதையேதான் கேட்டார், வேறு குரலில். தன் விசாவுக்குப் பொறுப்பான முதலாளியிடம், அங்கே கஃபீல் என்பார்கள், ஊருக்குப் போவதாகச் சொல்லி லீவு எடுத்து வந்தவர். “போலீசு வேண்டாம் மேடம். கஃபீலுக்குத் தெரிஞ்சா விசாவக் கேன்சல் அடிச்சு அனுப்பிருவான். இது நாளைக்குச் சரியாப் போயிரும். இத விடப் பெரிய காயமெல்லாம் பாத்துட்டேன்.”

எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. கையில் கருவி இல்லை. பரீட்சைக்குப் படித்த நான்கு வரி, ஒரு ஓட்டுநரின் முகம், ஒரு வாசனை. அவ்வளவுதான். வருகைத் தாளைத் திருப்பி நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம், நான் நினைப்பது தவறென்றால். வலப்பக்கம், சரியென்றால். இடப்பக்கத்தில் ஏழு வரி வந்தது. விமானம், விசா, கம்பெனி, என் வேலை, அவர் வேலை, புகார், அவமானம். வலப்பக்கத்தில் எழுத ஆரம்பித்து முதல் வரியை முடிக்கவில்லை. குப்பைத் தொட்டிக்குள் நாளைக் காலை கையை விடப்போகிற ஒருவரை நினைத்தேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. மண்ணைத் தொடாதீர்கள் என்று அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஓட்டுநரைப் பார்த்தேன். அவசர உதவியைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் ஏற்கெனவே எண்ணை அழுத்தி வைத்துக்கொண்டு என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அந்த இருபது நிமிடத்தில் செய்ய வேண்டியதைத் தொலைபேசியிலேயே சொன்னார்கள். உடைகளைக் களைய வேண்டும். தண்ணீர், நிறையத் தண்ணீர். தேய்க்கக் கூடாது. கண்ணை விரித்து ஊற்ற வேண்டும். நான் முனியசாமியிடம் சொன்னேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார். பெண்கள் நிற்கிறார்கள், பிள்ளைகள் நிற்கிறார்கள். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

வங்கி அதிகாரிதான் குடையை விரித்துக்கொண்டு போனார். கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து மற்ற ஆண்களும் போனார்கள். ஏழெட்டுக் குடைகள் வட்டமாக, எல்லா முதுகும் உள்பக்கம். போகும்போது அவர் என்னிடம், இதைப் பற்றி எழுத்து மூலமாகப் புகார் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கொடுக்கவும் செய்தார். இரண்டும் உண்மை.

தேநீர்க் கடையிலிருந்து தண்ணீர்ப் பாட்டில்களாக வாங்கி உருட்டிவிட்டோம். முனியசாமி தானாகவே ஊற்றிக்கொண்டார். மழையில், அந்தக் குளிரில், அவர் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் குடைகளுக்கு வெளியே எனக்குக் கேட்டது. “கண்ணுல ஊத்துங்கண்ணா, இன்னும் ஊத்துங்க” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

முழு உடல் மூடிய உடுப்பும் முகமூடியுமாக மீட்புப் படையினர் வந்து இறங்கியபோது பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. பேருந்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். மஞ்சள் முடிச்சை நீளமான இடுக்கியால் எடுத்து ஒரு உலோகக் குடுவைக்குள் போட்டு மூடினார்கள். வெளியே வந்த ஒருவர் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். ஓட்டுநர் என்னைப் பார்த்து ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். நான் நினைத்தது தவறாக இருக்கக் கூடாதா என்று அதுவரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

அத்தனை பேரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உடைகளைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு, குளிக்க வைத்து, காகித அங்கி கொடுத்தார்கள். பிறகு காத்திருப்பு. இந்த நஞ்சின் கொடூரம் அதுதான். எதுவும் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது, நேரம்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்காவது கழுத்தில் அரித்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார். எனக்கும் எங்கெங்கோ அரித்தது. கோமதி அக்கா இருமும்போதெல்லாம் அறையே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவருக்குத் தொண்டையில் லேசான புண், வேறு இருவருக்குத் தோல் சிவப்பு. மறுநாள் காலை அவர்களையும் போகலாம் என்றார்கள். குழுவை வேறொரு வழிகாட்டியோடு அனுப்பிவிட்டு நான் முனியசாமியோடு தங்கினேன்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். மிரட்டவில்லை. எந்தக் கம்பத்தடி என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது, வேறு யாரும் அங்கே போகாதிருக்க. முனியசாமி, கண்ணில் கட்டோடு, அந்தக் கம்பத்தில் அடித்திருந்த எண்ணைப் பிசகில்லாமல் சொன்னார். கொள்கலன் எண்களைப் பார்த்தே பழகிய மனசு. எதற்காக மண்ணை எடுத்தார் என்று கேட்டபோதுதான் நான் திணறினேன். பிடிமண்ணை அவருடைய மொழியில் எப்படிச் சொல்வது? குடும்பத்தில் ஒருவரை அடக்கம் செய்ய என்று சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தினார். அந்த ஊர்க்காரருக்கு அது புரிந்தது. அப்படியே எழுதிக்கொண்டார். வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் வராது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

கண்ணைப் பற்றி மருத்துவர் எதையும் சொல்ல மறுத்தார். வீக்கம் வடிந்து கட்டை அவிழ்த்தால்தான் தெரியும். தண்ணீர் ஊற்றியது நல்லது, ஆனால் நான்கு மணி நேரத்துக்கும் மேல் தாமதம் என்றார். அந்த நான்கு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் என்னுடையது. ஊறுகாய் என்று நான் சிரித்ததிலிருந்து படியில் கால் வைத்தது வரை. அதைக் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதிவைத்தால் கொஞ்சம் அடங்கும் என்று எப்போதும் நினைப்பேன். அன்று அடங்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றிரண்டுதான். ஒரு வாசனையோ சத்தமோ முகமோ உங்களுக்குப் பழக்கமானதாகத் தோன்றினால் அங்கேதான் நில்லுங்கள். நம் ஆட்களை நமக்குத் தெரியும் என்ற எண்ணத்தால்தான் குங்குமத்தையும் ஊறுகாயையும் நான் பார்த்தேன். அயலூர்க்காரி ஒருத்தி என் இடத்தில் இருந்திருந்தால் பன்னிரண்டரைக்கே கேட்டிருப்பாள். பிறகு, முதல் நாள் தலையை எண்ணும்போதே ஒவ்வொருவரிடமும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டுவிடுங்கள். பாதிப் பேர் பிள்ளைகளின் படிப்புக்காக என்பார்கள். அதற்காகக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். குறிப்புகளில் இதற்கு இடமில்லை, நான் சேர்க்கவும் இல்லை. தாளில் இருந்தால் வாசித்துவிட்டுப் போய்விடுவோம்.

மருத்துவமனையில் மூன்றாம் நாள் காலை கட்டை அவிழ்த்தார்கள். இடது கண் முதலில். மருத்துவர் விரல்களைக் காட்டினார். இரண்டு என்றார் முனியசாமி. சரி. வலது கண்ணில் நான்கு விரலை மூன்று என்றார். கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று மருத்துவர் சொன்னார். நேரம்தான் ஆனது. ஐந்து மாதம் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை கொடுத்தார்கள், பிறகு பரிசோதனையில் தேறிக் கிரேனுக்குத் திரும்பினார். கையில் தோல் ஒட்டுப் போட்ட தழும்பும் நெற்றியில் ஒரு வெளுத்த வட்டமும் இருக்கின்றன. எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று என்று அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மண்ணு எங்க மேடம்?” என்றார்.

“எடுத்துட்டுப் போயிட்டாங்கண்ணா. திருப்பித் தர மாட்டாங்க. அழிச்சிடுவாங்க.”

கோபப்படுவார், அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். தண்ணீர் வழியும் கண்ணால் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பங்காளி வீடு பதினொண்ணு மேடம்” என்றார். “பீடத்துல வச்சது போக, வீட்டுக்கு ஒரு சிட்டிகை பிரிச்சுக் குடுக்கணும்னு பேச்சு. மொதல்ல புள்ளைக நெத்தியிலதான் பூசணும்னு சொல்லிவிட்டாக.”

பிறகு இடது கை விரல்களை மடக்கி ஒவ்வொரு வீடாகச் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகள். அண்ணன் வீட்டில் மூன்று பேர். சித்தப்பா மகன் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பையன். ஏழாவது வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். எட்டாவது வீட்டுக்கு வந்தபோது விரல் பாதியில் நின்றது.

“அங்க கைப்புள்ள மேடம். பொறந்து நாப்பது நாளு.”

அதற்குமேல் அவர் எண்ணவில்லை.